ஃபாக்ஸ் மஸ்டாங்கின் 8.8 பின் ஆக்சில்: எந்தச் சத்தத்துக்கு எங்கே பார்ப்பது?

ஃபாக்ஸ் என்ற அடித்தளத்தில் ஃபோர்ட் கம்பெனி கட்டிய மஸ்டாங் காரின், 1986 முதல் 1993 வரை வந்த 5.0 லிட்டர் மாடலில் இன்ஜினின் பவரை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. 1987இலிருந்து 1992 வரை கம்பெனி கொடுத்தது 225 குதிரைத்திறன், 300 பவுண்டு-அடி டார்க். ஹெட், கேம், இன்டேக் என்று மாற்றிக்கொண்டே போனாலும் சரி, சூப்பர்சார்ஜர் வைத்தாலும் சரி, இன்ஜின் ஓரளவு தாங்கும். அடி வாங்குவது பின்னால் இருக்கும் 8.8 ஆக்சில் (கிரவுன் பற்சக்கரத்தின் விட்டம் 8.8 அங்குலம்). அதனால் கிரவுன்-பினியன் (இன்ஜினின் சுற்றைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி), டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது), ஆக்சில் ஷாஃப்ட் என்று வரிசையாக மாற்றுகிறார்கள். மாற்றி முடித்து ரோட்டுக்கு வந்த அன்றே புதிதாக ஒரு சத்தம் கேட்கும். "பார்ட்ஸ் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பார்ட்ஸில் குறை இருக்காது. ஷிம் (இடைவெளியை அமைக்கும் மெல்லிய வளையத் தகடு), பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி), பேரிங் இறுக்கம் இந்த மூன்றில் ஒன்று தவறியிருக்கும். எந்தப் பாகத்தையும் ஆர்டர் செய்வதற்கு முன், சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பின்னால் போகும் சுமை எவ்வளவு என்று ஒரு கணக்கு. டி-5 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.35. கம்பெனி கொடுத்த 2.73 கிரவுன்-பினியனோடு பெருக்கினால், 300 பவுண்டு-அடி ஆக்சிலுக்குப் போய்ச் சேரும்போது ஏறத்தாழ 2,740. அதே இன்ஜினில் 4.10 போட்டால் 4,120. இன்ஜினைத் தொடவே இல்லை, ஷாஃப்ட்டின் மேல் சுமை ஒன்றரை மடங்கு. இன்னொரு பக்கம், 2.73இல் பினியனுக்கு 15 பல், 3.73இல் 11, 4.10இல் 10. பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது, சுமை ஏறிக்கொண்டே போகிறது. தெருவில் ஓட்டும் வண்டிக்கு 3.55 அல்லது 3.73 போதும் என்பது என் கட்சி. 4.10 போட்டுவிட்டு நெடுஞ்சாலையில் புலம்புகிறவர்கள் நிறைய.

ஓட்டிப் பார்க்கும் முறை

ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், ஜன்னலை இறக்கி, ரேடியோவை அணைத்து, ஒரே வேகத்தில் நான்கு விதமாக ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்து ஏற்றும்போது, வேகத்தை அப்படியே பிடித்து ஓட்டும்போது, கியரிலேயே காலை எடுத்துவிடும்போது, கடைசியாக நியூட்ரலில் உருளவிடும்போது. பிறகு இடமும் வலமும் லேசாக வளைத்துப் பாருங்கள். நியூட்ரலிலும் அதே அளவு சத்தம் இருந்தால் கிரவுன்-பினியனை மறந்துவிட்டு வீல் பேரிங்கையும் டயரையும் பாருங்கள். கான்கிரீட் ரோட்டிலிருந்து தார் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர்.

ஸ்டாண்டில் தூக்கிவைத்து இன்ஜினை ஓட்டிக் கேட்பதாக இருந்தால் இரண்டு பின்சக்கரங்களும் தரையைவிட்டு மேலே இருக்க வேண்டும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் பவரை இரண்டுக்கும் அனுப்புவது) உள்ள வண்டியில் ஒரு சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது இழுக்கும், வண்டி ஸ்டாண்டிலிருந்து பாயும். இதில் சலுகையே கிடையாது.

ஊளைச் சத்தம்

அதிகம் பேரைத் தூங்கவிடாத பிரச்சினை இதுதான். குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, இன்னொரு வேகத்தில் அடங்கும் மெல்லிய ஊளை.

ஏற்றும்போது மட்டும் வந்தால் பற்கள் ஒன்றோடொன்று பதியும் இடம் தவறியிருக்கிறது, அல்லது பற்கள் தேய்ந்துவிட்டன. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கிரவுன்-பினியனை உங்கள் ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூட்டில்) போட்டிருந்தால் இந்த ஊளை ஏறக்குறைய நிச்சயம். ஒரு ஹவுசிங்கில் ஆயிரக்கணக்கான மைல் தேய்ந்து பழகிய ஜோடி, வேறு ஆழத்தில் வைத்தால் பழைய தேய்மானத்தின் விளிம்பில் உரசும். ஷிம் மாற்றி அதை முழுதாக அடக்குவது கஷ்டம்.

காலை எடுக்கும்போது மட்டும் வந்தால் முதலில் பினியன் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இறுக்கம் போதாவிட்டால் பினியன் முன்னும் பின்னும் நகரும். கியரில் வேகம் குறையும்போது அது தன் இருக்கையைவிட்டு இழுபடும். எல்லா நிலையிலும், இருபது மைல் வேகத்துக்கு மேல் ஒரே மாதிரி கரகரவென்று உறுமினால் கிரவுன் பக்கத்து பேரிங்குகள்.

எது என்று ஊகிப்பதைவிட மை வைத்துப் பார்ப்பதே மேல். பின் கவரைக் கழற்றி எண்ணெயை வடியுங்கள். இந்த ஆக்சிலுக்கு அடியில் வடிக்கும் மூடி கிடையாது, கவரைத் திறந்தால்தான் எண்ணெய் வெளியே வரும். ஆனால் கவரின் பத்து போல்ட்டைத் தொடுமுன் எண்ணெய் ஊற்றும் மூடியை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். 3/8 அங்குல ராட்செட்டின் சதுர முனை அதில் நேராகப் போய் உட்காரும். உப்பு தூவும் ரோட்டில் முப்பது வருஷம் ஓடிய வண்டியில் அது அசையாமல் போகலாம். எண்ணெயை எல்லாம் வடித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

கிரவுனின் ஏழெட்டு பற்களைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, கியர் மார்க்கிங் மஞ்சள் பசையைச் சின்ன பிரஷ்ஷால் மெல்லியதாகத் தடவுங்கள். தடித்துப் பூசினால் எல்லா இடமும் பட்டதுபோலத்தான் தெரியும். உதவிக்கு ஒருவர் கிரவுனை மரக்கட்டையால் அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் பினியன் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சுற்றுங்கள். எதிர்ப்பு இல்லாமல் சுற்றினால் தடம் விழாது. பிறகு டார்ச் அடித்து, பல்லின் வெளிப்புறம் வளைந்த முகத்தைப் பாருங்கள், ஏற்றும்போது சுமை தாங்குவது அதுதான். பசை ஒதுங்கி உலோகம் பளிச்சென்று தெரியும் திட்டு பல்லின் அடிப்பக்கம் ஒட்டி விழுந்திருந்தால் பினியன் அதிக ஆழத்தில் இருக்கிறது. 8.8இல் ஷிம் பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே இருப்பதால், அங்கே மெல்லிய ஷிம் போட வேண்டும். திட்டு பல்லின் முகட்டை ஒட்டி விழுந்தால் தடித்த ஷிம். முதல் திருத்தத்தை 0.005 அங்குலம் வைத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஒன்றிரண்டு ஆயிரத்தில் ஓர் அங்குலத்தை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்றே புரியாது.

திட்டு பல்லின் உள்முனைக்கோ வெளிமுனைக்கோ ஒதுங்கினால் அது கிரவுன் நகர வேண்டிய விஷயம். இரு பக்க ஷிம்களில் ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் சேர்க்க வேண்டும். அப்படி 0.003 அங்குலம் மாற்றினால் பேக்லாஷ் சுமார் 0.002 மாறும். கம்பெனி அனுமதிப்பது 0.008 முதல் 0.015 வரை. புதுக் கிரவுனுக்கு 0.008க்கும் 0.012க்கும் நடுவில் வைத்தால் நிம்மதி. கிரவுனைச் சுற்றி நாலைந்து இடத்தில் டயல் கேஜ் வைத்து அளந்து, அதில் மிகக் குறைவான அளவையே கணக்கில் எடுங்கள். கம்பெனியில் போட்ட பக்க ஷிம்கள் வார்ப்பிரும்பு, சுத்தியலால் தட்டினால் விள்ளும். ஸ்டீல் ஷிம் செட் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

திட்டு அச்சடித்தாற்போல நடுவில் விழ வேண்டியதில்லை. முகடு, அடி, இரு முனை எதையும் தொடாமல் இருந்தால் அமைதியாக ஓடும். இதற்கு மேல் அழகு பார்த்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

பினியன் பேரிங்கின் இறுக்கத்தைப் பற்றி: புது பேரிங் என்றால் பினியனைத் தனியாகச் சுற்ற 16 முதல் 29 பவுண்டு-அங்குலம் வர வேண்டும், பழைய பேரிங் என்றால் 8 முதல் 14. அடி இல்லை, அங்குலம். கிளிக் டைப் டார்க் ரெஞ்சால் இதை அளக்க முடியாது. முள் காட்டும் அங்குல ரெஞ்ச் வேண்டும், அதுவும் பினியன் சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் அளவைப் பார்க்க வேண்டும். நட்டை 140 பவுண்டு-அடிக்கு மேல் இறுக்கினால்தான் உள்ளே இருக்கும் கிரஷ் ஸ்லீவ் (நசுங்கி பேரிங் இறுக்கத்தை அமைக்கும் உலோகக் குழல்) நசுங்கத் தொடங்கும். தொடங்கிவிட்டால் மளமளவென்று போகும். ஆகவே கால் திருப்பு, ஒரு அளவு, மறுபடி கொஞ்சம், மறுபடி அளவு. அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது. புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து. சில டாலர் விலைதான். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

கிளட்ச்சை விட்டதும் "டொக்"

எங்கோ விளையாட்டு சேர்ந்திருக்கிறது. யுனிவர்சல் ஜாயிண்ட், பேக்லாஷ், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களான ஸ்பைடர் கியர், அவற்றைத் தாங்கும் குறுக்கு பின், கன்ட்ரோல் ஆர்ம் புஷ் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரே டொக்காகக் கேட்கும். வண்டியைத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, பினியன் யோக்கை (கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டும் கவை) ஆட்டிப் பாருங்கள். யோக் நிறைய ஆடினால் உள்ளே. யோக் அசையாமல் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டும் ஆடினால் ஜாயிண்ட். ஒற்றைச் சக்கரத்தில் புகைவிட்டுப் பழகிய வண்டிகளில் குறுக்கு பின்னில் விரல் நகம் சிக்கும் அளவு பள்ளம் விழுந்திருக்கும்.

டொக்கைப் போக்க பேக்லாஷை 0.006க்குக் கீழே இறுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் போகும், உண்மை. எண்ணெய் கொதித்து, பல் பொரிந்து, வேறு சத்தம் வரும்.

பார்க்கிங்கில் வளைக்கும்போது கடகட

கம்பெனியின் டிராக்‌ஷன்-லாக், தட்டுகளால் ஆன லிமிடெட் ஸ்லிப். வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது தட்டுகள் பிடித்துப் பிடித்து விட்டால் இந்தச் சத்தம். பெரும்பாலும் 80டபிள்யூ-90 எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரை (தட்டுகளின் உராய்வைப் பதமாக்கும் சேர்மானம்) மறந்திருப்பார்கள். நாலு அவுன்ஸ், அதாவது சுமார் 118 மில்லி சேர்த்து, காலியான மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டினால் தட்டுகளுக்குள் எண்ணெய் போய்ச் சேரும். புதிதாகப் போடும் தட்டுகளை அதே எண்ணெயில் முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும்.

டார்சன் மாதிரி கியர் வகை டிஃபரன்ஷியலுக்கு மாற்றியிருந்தால் மாடிஃபையர் ஊற்றாதீர்கள், அந்த டிஃபரன்ஷியல் உராய்வை நம்பியே வேலை செய்கிறது. டெட்ராய்ட் லாக்கர் (இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் வகை) போட்டிருந்தால் வளைவில் டக் டக் என்று தட்டுவதும் திடீரென்று பூட்டி இடிப்பதும் அதன் சுபாவம். பழுது தேடி ஹவுசிங்கைத் திறக்க வேண்டாம்.

ஒரு டயர் மட்டும் கோடு போடுகிறது

தட்டுகள் தேய்ந்துவிட்டன. இன்ஜினை அணைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, டார்க் ரெஞ்சால் அதைச் சுற்றிப் பாருங்கள். குறைந்தது 20 பவுண்டு-அடி எதிர்ப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தட்டு செட். கழற்றும்போது நடுவில் இருக்கும் எஸ் வடிவ ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், முகத்துக்கு நேரே வைத்துத் தட்டாதீர்கள்.

லாஞ்ச் செய்யும்போது (நின்ற இடத்திலிருந்து முழு பவரில் பாயும்போது) பின்பக்கம் துள்ளுகிறது

ஷாஃப்ட்டை உடைப்பது பெரும்பாலும் இதுதான், குதிரைத்திறன் இரண்டாம்பட்சம். டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் முறுக்கி விடப்படுகிறது. அதனால் துள்ளலை நிறுத்தாமல் 31 ஸ்ப்லைன் (முனையில் 31 வரிப்பற்கள் உள்ள, தடித்த) ஷாஃப்ட் வாங்குவது காசைக் கரியாக்குவது.

ஃபாக்ஸில் பின் ஆக்சிலைப் பிடித்திருப்பவை நான்கு ஆர்ம்கள். கீழ் இரண்டும் ஏறக்குறைய நேராகப் போகின்றன. மேல் இரண்டும் சாய்ந்து, ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் தடுக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. அவற்றின் ரப்பர் புஷ் நசுங்கி விரிவதில்தான் துள்ளல் பிறக்கிறது. கம்பெனியே இதற்காக ஆக்சிலுக்குப் படுக்கைவாட்டில் ஒரு ஜோடி கூடுதல் ஷாக் அப்சார்பர் கொடுத்திருக்கிறது. முதலில் அவை உயிரோடு இருக்கின்றனவா பாருங்கள். அடுத்து, கீழ் ஆர்ம்களைக் கெட்டியானதாக மாற்றுங்கள். மேல் ஆர்ம்களுக்கு இரு முனையிலும் பாலியூரிதேன் புஷ் போடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். சாய்ந்த ஆர்ம், வண்டி உருளும்போது முறுக்கிக்கொள்ள வேண்டும். கெட்டி புஷ் அதை விடாது. விடாத பலம் எங்கே போகும்? பாடியில் அந்த ஆர்ம் வந்து சேரும் டார்க் பாக்ஸுக்கு. ஃபாக்ஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பலவீனமான இடம் அது. பின் சீட்டைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பாட் வெல்டுகளைச் சுற்றிப் பெயின்ட் வெடித்து, தகடு முடியிழை அளவுக்கு வாய் பிளந்திருப்பது தெரியும். கிழிந்திருந்தால் வலுவூட்டும் தகடு வைத்து வெல்டு செய்த பிறகுதான் மற்ற வேலை.

அப்படியே ஹவுசிங்கையும் பாருங்கள். இதில் இரு பக்கக் குழாய்களும் நடுவில் உள்ள வார்ப்பிரும்புக்குள் அழுத்திச் செருகப்பட்டு, ஓட்டை வழியே வெல்டு வைக்கப்பட்டவை. கடும் லாஞ்ச்சில் குழாய் உள்ளேயே சுற்றிக்கொள்ளும். இணைப்பில் பெயின்ட் வெடித்தோ துரு வளையமாகவோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். முன்சூடு கொடுத்து, நிக்கல் ராடில், வார்ப்பிரும்பு வெல்டு தெரிந்தவரிடம் சுற்று வெல்டு வைக்கச் சொல்லுங்கள். சாதாரண ராடில் அவசரமாக வைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும்.

நெடுஞ்சாலையில் அதிர்வு

கிரவுன்-பினியன் மாற்றியதும் தொடங்கிய அதிர்வுக்குப் பெரும்பாலும் கிரவுன்-பினியன் காரணமில்லை. 25.6 அங்குல டயரில் மணிக்கு 100 மைல் போகும்போது 2.73இல் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமார் 3,580 சுற்று சுற்றும், 4.10இல் 5,380. இத்தனை நாள் மறைந்திருந்த பேலன்ஸ் குறை அங்கே வெளியே வருகிறது. ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் செய்யுங்கள், ஜாயிண்ட்டைப் பாருங்கள், கழற்றியபோது இருந்த நிலையிலேயே யோக்கில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் பினியன் கோணமும் கெட்டிருக்கும். ரப்பர் புஷ் உள்ள தெரு வண்டிக்குப் பினியன் மூக்கு ஷாஃப்ட்டை ஒப்பிட்டு இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கி இருந்தால், சுமை ஏறும்போது நேர்க்கோட்டுக்கு வந்துவிடும்.

ஒரு சுற்றுக்கு ஒரு "டிக்"

ஸ்டாண்டில் வைத்துக் கையால் சுற்றி எண்ணுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஒரு தட்டு என்றால் கிரவுனில் பல் முனை உடைந்திருக்கிறது, இல்லை கிரவுனுக்கும் டிஃபரன்ஷியல் கேஸுக்கும் நடுவில் பிசிறு மாட்டியிருக்கிறது. மூன்று நான்கு தட்டு என்றால் பினியன். பிசிறு இருந்தால் கிரவுன் தள்ளாடும், எந்த ஷிம்மும் அதைச் சரி செய்யாது. கிரவுன் போல்ட்டுகளுக்கு 70 முதல் 85 பவுண்டு-அடி.

சக்கரத்தருகே எண்ணெய்

சீலை மட்டும் மாற்றினால் மறுபடி ஒழுகும். இந்த ஆக்சிலில் வெளி பேரிங்குக்கு உள் வளையம் கிடையாது, உருளைகள் ஷாஃப்ட்டின் மேலேயே ஓடுகின்றன. அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஷாஃப்ட்டே போச்சு. ஷாஃப்ட் நன்றாக இருந்தும் ஒழுகினால் ஆக்சில் குழாயின் மேலுள்ள வென்ட் அடைத்திருக்கும். சூட்டில் அழுத்தம் ஏறி எண்ணெய் சீல் வழியே வெளியே வரும்.

ஷாஃப்ட் உடைந்தது, அல்லது உடையுமோ என்ற பயம்

கம்பெனி ஷாஃப்ட் 28 ஸ்ப்லைன், சுமார் 1.20 அங்குலம். 31 ஸ்ப்லைன் சுமார் 1.32. வித்தியாசம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் முறுக்கு தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கிடைக்கிறது. 31 போட்டால் டிஃபரன்ஷியலும் 31ஆக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டை மட்டும் வாங்கிவந்து நடு இரவில் உள்ளே போகாமல் நிற்பது வழக்கமாக நடக்கும் கூத்து.

1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரின் 8.8இல் 31 ஸ்ப்லைனும் டிஸ்க் பிரேக்கும் கம்பெனியிலேயே உண்டு. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது லீஃப் ஸ்பிரிங் வண்டியின் ஆக்சில், பினியனும் ஒருபக்கம் தள்ளி இருக்கும். மஸ்டாங்கில் நேராக மாட்டாது.

பலத்தைவிட எனக்குப் பெரிய கவலை சி-கிளிப். ஷாஃப்ட்டை உள்ளே பிடித்திருப்பது அதன் உள்முனையில் மாட்டிய அந்தச் சின்ன வளையம்தான். ஷாஃப்ட் எங்கே உடைந்தாலும் வெளித் துண்டைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சக்கரமும் டிரம்மும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அதனால்தான் அமெரிக்க டிராக் பந்தயச் சங்கமான என்எச்ஆர்ஏவின் விதிகள் கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வண்டிக்கு வெளிச்சந்தை ஷாஃப்ட்டையும் வெளிப்பக்கத்திலேயே ஷாஃப்ட்டைப் பிடிக்கும் அமைப்பையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. குறுக்கு பின்னைப் பூட்டும் சின்ன போல்ட்டும் இதே குடும்பம். 15 முதல் 30 பவுண்டு-அடிக்கு மேல் இறுக்கினால் மரையோடு முறியும், பின் நழுவும், கிளிப் விழும். திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுசு போட்டு, லாக்டைட் தடவுங்கள்.

இதற்கும் மேல் பவர் என்றால் 9 அங்குல ஃபோர்ட் ஆக்சில். பினியன் தலைக்குப் பின்னாலும் ஒரு பேரிங் தாங்கும், நடுப்பாகம் முழுதாக முன்பக்கமாகக் கழன்று வரும். கனம் அதிகம், பினியன் தாழ்வாக இருப்பதால் உராய்விலும் கொஞ்சம் பவர் போகும். தெருவில் ஓட்டி மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போகிறவருக்குத் தேவையில்லை.

ஸ்பீடோமீட்டர் தாவுகிறது

பழுது இல்லை. 2.73இலிருந்து 3.73க்கு மாறினால், 60 மைலில் போகும்போது முள் 82 காட்டும். கியர்பாக்ஸில் கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பற்கள் கூடியதாக மாற்றுங்கள்.

பழக்கும் காலம்

புது செட்டை முதல் நாள் பதினைந்து இருபது நிமிடம் நிதானமாக ஓட்டி, முழுதாக ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 500 மைலுக்கு லாஞ்ச் இல்லை, டிரெய்லர் இல்லை. பிறகு எண்ணெயை வடித்து, அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். விரலில் தேய்த்தால் மசியும் சாம்பல் நிறக் குழைவு இயல்பு. ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ நெருடினால் கவரை மூடாமல் மறுபடி மஞ்சள் பசையை எடுங்கள்.